பரம்பரை இழையின் வடிவம் கண்ட கதை

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடைபெறுகிறது. ஓட்டப் பந்தயம் தொடங்குமுன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுக்கிறார்கள். ஓடுவோர் அனைவரும் அக்கோட்டின்மேல் வந்து நிற்கிறார்கள். ஊதல் ஒலித்ததும் ஓடுகிறார்கள். தம்மோடு யார் யார் ஓடுகிறார்கள் என்பது அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

டி. என். ஏ. என்னும் பொருளின் வடிவத்தைக் கண்டறிந்த வரலாற்றையும் ஒரு பந்தயம் என்றே பலரும் கூறுகின்றனர். அந்தச் சொல்லை உலகமெங்கும் பரப்பியவர், அதில் வென்றவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே ஆவார். 1968-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘இரட்டைச் சுருள்’ என்னும் நூல் துப்பறியும் கதையைப் போல விறுவிறுப்பாகச் செல்லும். அதைப் படித்து மூடியபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இது பந்தயம் என்றால், சுண்ணாம்புக் கோட்டின்மேல் வந்து நின்றவர்கள் யார் யார்? ஓடிய எல்லாருக்குமே தாம் ஓடுவது தெரிந்திருந்ததா? அந்த ஐயத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். 1869-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பிரெடரிக் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர், மருத்துவமனையில் கழித்துப்போட்ட கட்டுத்துணிகளை வரவழைத்து, அவற்றில் ஊறியிருந்த சீழைக் கழுவி எடுத்து ஆராய்ந்தார். அருவருப்பான வேலைதான். சீழிலுள்ள வெள்ளணுக்களின் உட்கருவிலிருந்து அவர் பிரித்தெடுத்த பொருள் புரதம் அன்று. அதில் பாஸ்பரஸ் மிகுதியாக இருந்தது. அதற்கு நியூக்ளின் என்று அவர் பெயரிட்டார். நாம் இன்று டி. என். ஏ. என்பது அதனையே. டி ஆக்சி ரிபோ நியூக்ளிக் அமிலம் என்னும் முழுப் பெயர் ஒரே மூச்சில் சொல்லக் கூடியதன்று; ஆகவே சுருக்கப் பெயரே நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் அதனை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. காரணம் எளிது. அதில் மாறி மாறி வரும் உறுப்புகள் நான்கே: அடினைன், குவானைன், தைமின், சைட்டோசின். இவற்றைக் காரங்கள் என்பர். காரம் என்றதும் மிளகாயை நினைத்துவிடாதீர்கள், இது இரசாயனக் காரம். புரதங்களிலோ இருபது வகை அமினோ அமிலங்கள் உள்ளன. தாயின் மூக்கும் தந்தையின் நிறமும் பிள்ளைக்கு வந்து சேரும் பரம்பரைச் செய்தி எத்துணை விரிவானது! நான்கே எழுத்துகள் உள்ள மொழியில் யார் காவியம் எழுத முடியும் என்று அறிஞர்கள் எண்ணினார்கள். 1944-இல் நியூயார்க்கு ராக்பெல்லர் ஆய்வுக் கழகத்தில் ஆஸ்வால்டு ஏவரியும் மக்லியட், மக்கார்ட்டி என்னும் அவருடைய துணைவர் இருவரும் இவ்வெண்ணத்தை அசைத்தனர். நோய் தரும் நிமோனியா நுண்கிருமியிலிருந்து டி. என். ஏ.யை மட்டும் பிரித்து, நோய் தராத வகையோடு கலந்தார்கள். நோய் தராத வகை நோய் தரும் வகையாக மாறிற்று; அதன் சந்ததிகளும் அவ்வாறே பிறந்தன. அப்போதும் ஐயுற்றோர் பலர். ஆயினும் சிலருடைய மனத்தில் பொறி விழுந்துவிட்டது. அந்தச் சிலருள் வாட்சன் ஒருவர்.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூற்றின் வடிவத்தை எப்படிக் காண்பது? இரவில் குடையை விரித்துப் பிடித்து, அதன் துணி வழியாகத் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். ஒரே விளக்கு, சிலுவைபோல ஒழுங்காக அமைந்த பல ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும். துணியின் இழைகள் ஒளியைச் சிதறச் செய்வதால் நிகழ்வது இது. புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தை அளந்தால், கண்ணால் காணாத இழைகளின் நெருக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். துணிக்குப் பதிலாக டி. என். ஏ. நூலையும், விளக்கொளிக்குப் பதிலாக எக்ஸ் கதிரையும் வைத்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றே. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி என்பவரும் அவருடைய மாணவி பிளாரன்ஸ் பெல்லும் 1938-ஆம் ஆண்டிலேயே இத்தகைய படங்களை எடுத்து, காரங்கள் 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன என்று அறிந்தார்கள். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

அந்தப் படங்கள் தெளிவற்றவை. தெளிவான படங்கள் வேண்டுமாயின் நல்ல டி. என். ஏ. வேண்டும். அதனை 1950-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ருடால்ப் சிக்னர் வழங்கினார். இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த மாரிஸ் வில்கின்ஸ் அதனைப் பெற்றுச் சென்றார். கண்ணாடிக் கம்பியால் தொட்டுத் தூக்கினால், சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழை அதிலிருந்து எழுந்து வரும்.

1951 ஜனவரியில் அதே கல்லூரிக்கு ரோசலின்ட் பிராங்க்ளின் வந்து சேர்ந்தார். பாரிஸ் நகரில் நான்கு ஆண்டுகள் எக்ஸ் கதிர் ஆய்வில் தேர்ந்தவர், வயது முப்பது. இங்கேதான் முதற் சிக்கல் விழுந்தது. ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜான் ராண்டல், டி. என். ஏ.யின் எக்ஸ் கதிர் வேலை முழுவதும் பிராங்க்ளினையும் ரேமண்ட் காஸ்லிங் என்னும் மாணவரையுமே சாரும் என்று முன்னதாகவே அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். வில்கின்ஸுக்கு அது தெரியாது. தமக்குத் துணையாக ஒருவர் வந்திருக்கிறார் என்று அவர் எண்ணினார். தம் வேலையில் இவர் ஏன் தலையிடுகிறார் என்று பிராங்க்ளின் எண்ணினார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரியத் தொடங்கிற்று. பின்னால் வந்த நூல்கள் அப்பெண்மணியின் கோபத்தைப் பற்றி நிறையப் பேசுகின்றன. அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஆனால் வேலை நடந்தது, அருமையான வேலை. டி. என். ஏ. நூலைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை அளவோடு கூட்டியும் குறைத்தும் பிராங்க்ளின் படம் எடுத்தார். காய்ந்த நிலையில் ஒரு வடிவம், ஈர நிலையில் நீண்டு மெலிந்த இன்னொரு வடிவம், ஆக இரண்டு உண்டு என்று கண்டார். முன்னவர்களின் படங்கள் மங்கலாக இருந்ததற்குக் காரணம் விளங்கிவிட்டது. இரண்டு வடிவங்களும் ஒரே படத்தில் கலந்திருந்தன! முதலாவதற்கு ஏ என்றும் இரண்டாவதற்கு பி என்றும் பெயரிட்டார். நூல் ஈரத்தை இவ்வளவு எளிதில் ஏற்கவும் விடவும் செய்கிறது என்றால், நீரை விரும்பும் பாஸ்பேட்டுகள் வெளிப்புறத்தில் இருக்க வேண்டும்; காரங்கள் உள்ளே இருக்க வேண்டும். இதனையும் 1951 நவம்பர் 21-ஆம் தேதி ஒரு சொற்பொழிவில் அவர் எடுத்துரைத்தார்.

அச்சொற்பொழிவைக் கேட்க வந்தவர்களுள் இருபத்துமூன்று வயது அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அவரே வாட்சன். கேம்பிரிட்ஜ் நகரின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அங்கே அவருக்குப் பேச்சுத்துணை பிரான்சிஸ் கிரிக். வயது முப்பத்தைந்து ஆகியும் டாக்டர் பட்டம் பெறாதவர். ஓயாமல் பேசுபவர், அதைவிட ஓயாமல் சிந்திப்பவர். டி. என். ஏ. இவ்விருவருக்கும் இட்ட வேலையன்று. கிரிக்குக்குப் புரத ஆராய்ச்சி விதிக்கப்பட்டிருந்தது.

சொற்பொழிவில் வாட்சன் குறிப்பு எடுக்கவில்லை. மாணவர்களே, இதைக் கவனியுங்கள்! நூலில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பிராங்க்ளின் சொன்ன எண்ணை அவர் தவறாக நினைவில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதனை நம்பி இருவரும் சில நாட்களில் கம்பியும் தகடும் கொண்டு ஒரு மாதிரி உருவம் செய்தனர். மூன்று இழைகள், பாஸ்பேட்டுகள் உள்ளே, காரங்கள் வெளியே. இலண்டனிலிருந்து வில்கின்ஸும் பிராங்க்ளினும் வந்து பார்த்தார்கள். நீர் எங்கே என்று பிராங்க்ளின் கேட்டார். மாதிரி அந்தக் கேள்வியிலேயே வீழ்ந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் லாரன்ஸ் பிராக் இருவரையும் டி. என். ஏ.யைத் தொடக்கூடாது என்று தடுத்துவிட்டார்.

பந்தயம் என்ற எண்ணத்தை உண்டாக்கியது மூன்றாம் இடம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லைனஸ் பாலிங் இருந்தார். இரசாயனத்தில் அவருக்கு நிகர் அந்நாளில் இல்லை எனலாம். புரதத்தின் சுருள் வடிவை 1951-இல் அவர் கண்டு வெளியிட்டு, அதே முயற்சியில் தோற்றிருந்த பிராக்கைத் தலைகுனியச் செய்திருந்தார். 1952 டிசம்பரில் டி. என். ஏ.க்கும் ஒரு வடிவம் கண்டுவிட்டதாகப் பாலிங் தம் மகன் பீட்டருக்கு எழுதினார். அந்த மகன் படித்துக்கொண்டிருந்ததோ கேம்பிரிட்ஜில், வாட்சனும் கிரிக்கும் இருந்த அதே அறையில்! 1953 ஜனவரி இறுதியில் பாலிங்கின் கட்டுரைப் படி வந்தது. வாட்சன் வாங்கிப் பார்த்தார். மூன்று இழைகள், பாஸ்பேட்டுகள் உள்ளே. தாம் பதினான்கு மாதங்களுக்கு முன் செய்து அவமானப்பட்ட அதே பிழை. அதனினும் வியப்பு ஒன்று உண்டு. பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று தள்ளாதிருக்கும் பொருட்டுப் பாலிங் அவற்றில் ஹைட்ரஜனைக் கட்டி வைத்திருந்தார். ஹைட்ரஜனை விட்டுக்கொடுப்பதுதானே அமிலத்தின் குணம்? நியூக்ளிக் அமிலம் என்று பெயர் சொல்லிவிட்டு அமிலத்தன்மையே இல்லாத உருவத்தைச் செய்திருந்தார், உலகப் புகழ் பெற்ற இரசாயன நூலின் ஆசிரியர். அவர் கையில் இருந்தவை ஆஸ்ட்பரியின் பழைய மங்கற் படங்கள் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பாலிங் தம் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ளச் சில வாரங்கள் போதும் என்று கேம்பிரிட்ஜில் அஞ்சினார்கள். பிராக் தடையை நீக்கினார். இந்தக் கட்டத்தில் பந்தயம் உண்மையாகவே தொடங்கிற்று. ஆனால் அது தொடங்கிய செய்தியைப் பிராங்க்ளினிடம் சென்று சொன்னவர் யாருமில்லை.

ஜனவரி 30-ஆம் தேதி வாட்சன் பாலிங்கின் கட்டுரையோடு கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். பிராங்க்ளினோடு பேச்சு முற்றிச் சச்சரவாயிற்று. பின்னர் வில்கின்ஸ் அவரைத் தம் அறைக்கு அழைத்துச் சென்று, ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அதுவே புகழ்பெற்ற ‘படம் 51’. பிராங்க்ளினின் மேற்பார்வையில் காஸ்லிங் 1952 மே மாதத்தில் அறுபது மணி நேரத்துக்கு மேல் கதிர் பாய்ச்சி எடுத்த பி வடிவப் படம் அது. நடுவில் பெருக்கல் குறி போன்ற கரும்புள்ளி வரிசை. மேலும் கீழும் அடர்ந்த கரிய வில். சுருளைப் பக்கவாட்டில் பார்த்தால் சாய்ந்த கோடுகள் இடமும் வலமும் மாறி மாறித் தோன்றும் அல்லவா? அந்த இருவகைச் சாய்வும் சிதறச் செய்யும் கதிர்களே பெருக்கல் குறியாக விழுகின்றன. சுருள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

படம் களவு போயிற்று என்று மாணவர் பலர் என்னிடம் சொல்வதுண்டு. அது சரியன்று. பிராங்க்ளின் கிங்ஸ் கல்லூரியை விட்டுப் பர்க்பெக் கல்லூரிக்குச் செல்ல முடிவு செய்திருந்தார். காஸ்லிங் மீண்டும் வில்கின்ஸின் மாணவராகிவிட்டதால் படம் முறையாகவே வில்கின்ஸின் கைக்கு வந்திருந்தது. மேலும் ஒரு படத்தைச் சில நொடிகள் பார்த்து ஒரு மூலக்கூற்றைக் கட்டிவிட முடியாது. கட்டுவதற்கு எண்கள் வேண்டும். அந்த எண்கள் வேறு வழியாக வந்தன. மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் 1952 டிசம்பரில் கிங்ஸ் கல்லூரியைப் பார்வையிட்டபோது, ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சுருக்கி எழுதி ஓர் அறிக்கை அளித்தனர். அக்குழுவில் கேம்பிரிட்ஜ் மாக்ஸ் பெரூட்ஸ் ஓர் உறுப்பினர். 1953 பிப்ரவரியில் அறிக்கை அவர் வழியாக வாட்சனுக்கும் கிரிக்குக்கும் கிடைத்தது. இரகசிய அறிக்கை அன்று என்று பெரூட்ஸ் பின்னாளில் விளக்கினார். இருக்கலாம். ஆனால் எழுதியவரைக் கேட்டவர் உண்டா?

அதில் பிராங்க்ளின் எழுதியிருந்த ஒரு வரி கிரிக்கின் கண்ணில் பட்டது. ஏ வடிவப் படிகத்தின் சமச்சீர் வகையை அவர் அதில் குறித்திருந்தார். கிரிக் ஆராய்ந்துகொண்டிருந்த குதிரை ஹீமோகுளோபினுக்கும் அதே சமச்சீர்; ஆகவே அதன் பொருள் அவருக்கு உடனே விளங்கிற்று. மேல்கீழாகத் திருப்பினாலும் மாறாத உருவம் இது. எனவே இழைகள் இரண்டாக இருக்க வேண்டும், அவை எதிரெதிர்த் திசையில் ஓட வேண்டும். ஒரே பாயில் ஒருவர் தலைமாட்டிலும் மற்றவர் கால்மாட்டிலும் தலைவைத்துப் படுப்பது போல. அந்த வரியை எழுதிய பிராங்க்ளினுக்கு இந்தப் பொருள் தோன்றவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் 1952 முழுவதும் பெரும்பாலும் ஏ வடிவத்தின் கணக்குகளிலேயே மூழ்கியிருந்தார். அவ்வடிவம் சுருளாக இராது என்று கருதி, ‘சுருள் காலமாயிற்று’ என்று கறுப்புக் கரையிட்ட ஒரு வேடிக்கை அட்டையும் அந்த ஜூலையில் எழுதினார். படம் 51 மேசை அறையில் காத்துக் கிடந்தது.

எஞ்சியது உட்புறம். காரங்களுள் அடினைனும் குவானைனும் பெரியவை. தைமினும் சைட்டோசினும் சிறியவை. இவை எவ்வாறு இணைந்து ஏணிப் படியாகின்றன? வாட்சன் முதலில் ஒத்ததை ஒத்ததோடு சேர்த்தார்: அடினைனுக்கு அடினைன், தைமினுக்குத் தைமின். ஒரு படி நீளம், ஒரு படி குட்டை. அப்படிப்பட்ட ஏணியில் யார் ஏறுவார்? இங்கே ஜெரி டானஹூ என்ற அமெரிக்க இரசாயனியைக் குறிப்பிட வேண்டும். அதே அறையில் வேலை செய்தவர். பாடநூல்களில் இக்காரங்களின் ஹைட்ரஜன்கள் தவறான இடத்தில் வரையப்பட்டுள்ளன என்று அவர் சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் ஏணி எழுந்திராது. பெருங்கதைகளில் இப்படி ஒரு வாக்கியம் பேசிவிட்டு மறைகிறவர்களிடம் எனக்குத் தனிப் பற்று உண்டு.

பிப்ரவரி 28-ஆம் தேதி, சனிக்கிழமைக் காலை. வாட்சன் அட்டையில் வெட்டிய காரங்களை மேசைமேல் நகர்த்திக்கொண்டிருந்தார். அடினைன் தைமினோடு சேர்ந்தது. குவானைன் சைட்டோசினோடு சேர்ந்தது. இரண்டு இணைகளும் ஒரே நீளம், ஒரே வடிவம்! நியூயார்க்கு கொலம்பியா பல்கலைக்கழகத்து எர்வின் சார்காப் சில ஆண்டுகளுக்கு முன்பே, எந்த உயிரை எடுத்தாலும் அடினைனும் தைமினும் சம அளவு, குவானைனும் சைட்டோசினும் சம அளவு என்று அளந்து சொல்லியிருந்தார். ஏன் என்பது யாருக்கும் விளங்காதிருந்தது. இப்போது விளங்கிற்று. 1952 மே மாதத்தில் கேம்பிரிட்ஜுக்கு வந்த சார்காப்பிடம் கிரிக் அந்த நான்கு காரங்களின் வேறுபாட்டைக்கூடச் சொல்ல இயலாமல் விழித்தார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மார்ச் 7-ஆம் தேதிக்குள் முழு மாதிரியும் நிமிர்ந்து நின்றது. அகலம் 20 ஆங்ஸ்ட்ராம். ஒரு சுற்றுக்கு உயரம் 34. ஒரு சுற்றில் பத்துப் படிகள். அதன் பெருமை அழகில் இல்லை. ஓர் இழையில் எழுத்து வரிசை தெரிந்தால் மற்றதன் வரிசை தானே தெரிந்துவிடும். எனவே இழைகள் பிரிந்தால் ஒவ்வொன்றும் தனக்கு இணையைத் தானே உருவாக்கிக்கொள்ளும், ஒன்று இரண்டாகும். தாயிடமிருந்து சேய்க்குப் பரம்பரைச் செய்தி எப்படிப் படியெடுக்கப்படுகிறது என்னும் பழைய வினாவுக்கு வடிவமே விடை சொல்லிற்று. 1958-இல் மெசல்சன், ஸ்டால் என்னும் இருவர் கனமான நைட்ரஜனை அடையாளமாக வைத்து அவ்வாறே நிகழ்வதை மெய்ப்பித்தனர். நான்கு எழுத்துகளில் காவியம் எழுத முடியும் என்பதும் விளங்கிற்று. மனித உயிரணுவின் இழைகளில் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 300 கோடி படிகள் இருக்கின்றன.

1953 ஏப்ரல் 25-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது வாட்சன், கிரிக். அடுத்தது வில்கின்ஸும் துணைவர்களும். மூன்றாவது பிராங்க்ளினும் காஸ்லிங்கும். அவற்றை அதே வரிசையில் நான் படித்தபோது எனக்கு உண்டான எண்ணம் இது: முதலில் இருவர் அறிவால் ஊகித்தார்கள், பின்னர் இலண்டனில் சோதித்து ஆமாம் என்றார்கள். உண்மை தலைகீழ். மூன்றாவது கட்டுரையின் எண்கள்மேல்தான் முதலாவது கட்டுரை நிற்கிறது. வெளிவராத முடிவுகளைப் பற்றிய பொதுவான அறிவு தமக்கு ஊக்கமளித்தது என்று ஒரு வாக்கியத்தில் வாட்சனும் கிரிக்கும் கடனைத் தீர்த்துக்கொண்டார்கள். பொதுவான அறிவு என்பது போதுமான சொல்லா? போதாது என்பதே என் கருத்து. ஊகித்த திறம் அவர்களுடையது, அதில் ஐயமில்லை. நெற்றி வியர்வையில் ஒரு பங்கு அங்கே எழுதப்படவில்லை.

அண்மையில், 2023-ஆம் ஆண்டில், மாத்யூ காப், நதானியல் கம்பர்ட் என்னும் வரலாற்றாசிரியர் இருவர் பழைய கடிதங்கள் சிலவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். கேம்பிரிட்ஜ்காரர்களுக்குத் தம் முடிவுகள் எட்டுவதைப் பிராங்க்ளின் ஓரளவு எதிர்பார்த்தே இருந்திருக்கலாம் என்றும், ஏமாற்றப்பட்ட அப்பாவியாக அவரைக் காட்டுவதைவிட நால்வரில் சமமான ஒருவராகக் காட்டுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்றும் அவர்கள் கூறுகின்றனர். நான் அதை ஏற்கிறேன். சமமானவர் என்றால் அவருடைய பெயரும் சமமாக இடம்பெற்றிருக்க வேண்டும் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

அவர் மனத்தில் வன்மம் இருந்ததாகத் தெரியவில்லை. மாதிரியைப் பார்த்ததும் சரி என்று ஏற்றுக்கொண்டார். பர்க்பெக் கல்லூரியில் புகையிலைத் தேமல் நோய் வைரசின் வடிவத்தை ஆராய்ந்து புகழ் பெற்றார். கிரிக் குடும்பத்தோடு நட்புக் கொண்டு, நோயுற்றபோது அவர்கள் வீட்டிலேயே தங்கி உடல் தேறினார். 1958 ஏப்ரல் 16-ஆம் தேதி, முப்பத்தேழு வயதில், புற்றுநோயால் இறந்தார். 1962-இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். மறைந்தவர்களை அதற்குப் பரிந்துரைக்க இடமில்லை.

அவருடைய குறிப்பேடுகளை, அவரோடு பர்க்பெக்கில் பணியாற்றிய ஏரன் குளூக் பின்னாளில் புரட்டிப் பார்த்து எழுதினார். 1953 பிப்ரவரி 24-ஆம் தேதிப் பக்கத்தில் பிராங்க்ளின் இரண்டு இழைகள் என்ற முடிவுக்கு வந்திருந்தார். காரங்களின் வரிசை எண்ணற்ற விதமாக அமையலாம், அதுவே டி. என். ஏ.யின் தனித்தன்மைக்குக் காரணமாகலாம் என்பதையும் கண்டிருந்தார். காரங்களின் இணையையும் இழைகளின் எதிர்த் திசையையும் மட்டும் அவர் எட்டவில்லை. பி வடிவம் இரட்டைச் சுருள் என்று அவரும் காஸ்லிங்கும் எழுதிவைத்த கட்டுரையின் தட்டெழுத்துப் படியும் குளூக்குக்குக் கிடைத்தது. அதன்மேல் இட்டிருந்த தேதி 1953 மார்ச் 17. கேம்பிரிட்ஜில் மாதிரி எழுந்துவிட்ட செய்தி கிங்ஸ் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.